பிடியரிசி

மூங்கில் பூத்தது.
ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை என்றார்கள்.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது,
மிசோ மலைகளின் முதுகெங்கும் பழுப்புக் கதிர்.
பிறகு எலிகள் வந்தன.

ஒரே இரவில் எங்கள் புனம் மொட்டை.
விடியலில் அரிவாளோடு போன பியாக்கா
அரிவாளோடு திரும்பினான்.
ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து
அழுக்கே படாத அரிவாளை
வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

வாலுக்கு இவ்வளவு என்று சர்க்கார் காசு தந்தது.
எங்கள் ருவாத்தா எலிவால்களை நூலில் கோத்தான்,
நூறு சேர்ந்தால் சிவப்புச் சட்டை.
அறுபத்தெட்டில் காய்ச்சல் வந்தது.
அந்தச் சரத்தை அவிழ்க்க
இன்னும் எனக்குக் கை வரவில்லை.

ஆண்டவரே,
நான் யாரென்று உமக்குத் தெரியும்.
சனிக்கிழமைதோறும் வாசல் வாசலாய் ஏறி இறங்கி
சபைக்குப் பிடியரிசி வாங்கும் கூடைக்காரி.
உலை கொதிக்கும்போது ஒரு பிடி
உமக்கென்று எடுத்து வைத்த பிறகுதான்
எங்கள் பெண்கள் பானையில் அரிசி போடுவார்கள்.
நானும் ஒருவேளை தவறியதில்லை.
கூட்டிப் பார்த்தால்
என் மகனின் எடைக்கு மேலேயே தந்திருக்கிறேன்.
கூட்டிப் பார்த்தேன்.
மன்னியும்.
இல்லை, மன்னிப்பு இருக்கட்டும், பதில் சொல்லும்.

நீர் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் சனி.
கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.
பாஸ்டர் வந்து, எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம், என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்தி
கொல்லைக்குப் போய் விறகு பிளந்து
அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.
அவர் செய்ததிலேயே நல்ல பிரசங்கம்.

இருட்டுகிற நேரத்தில் மேல்சரிவிலிருந்து தார்மிங்கி.
நீ வரவில்லை, நானே கொண்டுவந்தேன், என்று
துணிமுனையை அவிழ்த்தாள்.
அரிசி இல்லை.
காட்டுக்கிழங்கைச் சீவிக் காயவைத்த சில்லு,
ஒரு பிடி.
அவள் வீட்டில் ஐந்து வாய்.
இதையா கடவுளுக்கு, என்றேன், கோபமாகவே.
அரிசிதான் தீர்ந்தது, பிடி தீரவில்லையே, என்றாள்.
போய்விட்டாள். இருமிக்கொண்டே போனாள்.

அந்த ராத்திரி தூக்கமில்லை.
விளக்கடியில் என் கையை மூடினேன், திறந்தேன்.
அப்போது உம்முடைய கை நினைவுக்கு வந்தது.
ஆணி துளைத்த கை.
அதில் எந்தப் பிடியரிசி நிற்கும்?
இத்தனை வருஷம் நாங்கள் வைத்ததெல்லாம்
துளை வழியே எங்கே சிந்தியது?
ஓட்டைக் கைக்காரரே,
உம்மிடம் சேர்த்து வைக்கக் கொடுத்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

விடிந்ததும் சபைப் பெண்களைக் கூட்டினேன்.
அறையில் போன வருஷத்து அரிசி நாலு மூட்டை,
விற்றுக் கூரைத்தகடு வாங்க வைத்திருந்தது.
கூரை ஒழுகட்டும் என்றேன்.
யாரும் மறுக்கவில்லை.
கிழவி ஸோன்தாங்கி மட்டும், நாற்காலி நனையுமே, என்றாள்,
பிறகு அவளே முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

அன்று முதல்முறை
கூடை நிறைந்து புறப்பட்டது,
வெறுமையாகித் திரும்ப.
அதே வாசல்கள், அதே ஏற்றம்.
தார்மிங்கி வீட்டில் ஆளுக்கு இரண்டு பிடி.
ஆற்றோரக் கடைசி வீட்டில்
ருவாத்தா வயதில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தான்.
கஞ்சி வைத்து, ஆறும்வரை ஊதிக்கொடுத்தேன்.
அவன் பிழைத்தானா என்று கேட்காதீர்கள்.
அன்றைக்குக் குடித்தான்.

ஆண்டவரே, என் கேள்வி அப்படியே இருக்கிறது.
வாபஸ் வாங்கவில்லை.
ஆனால் நேற்று உலை வைத்தபோது
கோபம் மறந்து என் கை தானாக
ஒரு பிடி எடுத்து ஓரமாய் வைத்துவிட்டது.
வைத்தது வைத்ததுதான்.
இனி உம்மோடு பேசாமல் இருப்பது
எப்படி என்று தெரியவில்லை.